ரவுட்டருக்கு அஞ்சலி, நிரோவுக்குச் சிரிப்பு

1

நிரோவின் அக்காவோடு கதைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது ஜேர்மனியின் டோட்முண்ட் நகரில், வெளிநாட்டவர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஒரு மேசைக்கு முன்னால் இருந்தபோது.

மாணவ விசாவை நீடிக்கப் போயிருந்தேன். பதினான்கு கடதாசி கொண்டுபோனேன். அவர்கள் பதினைந்தாவதைக் கேட்டார்கள். எத்தனை கொண்டுபோனாலும் அதற்கு அடுத்ததைக் கேட்பது இங்கே வழமை. இந்த முறை மருத்துவக் காப்புறுதிக் கடிதம். "போனில் இருக்கிறது, காட்டட்டுமா?" என்று கேட்டேன். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்த பெண்மணி பெருமூச்சு விட்டு, காட்டு என்பதுபோலத் தலையாட்டினார்.

படங்களுக்குள் கடிதத்தைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டு போனேன். என்னுடைய பழைய போனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவசரம் என்று தெரிந்தால் இறுகிவிடும். அன்றும் ஒரு படத்தில் இறுகிப்போய் நின்றது. கறுப்புக் கரை போட்ட அட்டை, இரு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் மலர் வளையம், வளையத்துக்குள் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி. கீழே தமிழில் எட்டுப் பத்து வரிகள்.

பெண்மணி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எனது ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார்.

இந்த நாட்டில் இறந்தவரை எரித்துச் சாம்பலை ஒரு சிறு பேழையில் வைத்துத் தருவார்கள். அப்படி ஒன்றென்று நினைத்துவிட்டார். உண்மையில் அது சுன்னாகத்தில் ஒரு போன் திருத்தும் கடையின் ரவுட்டர்.

என்னுடைய ஜேர்மன், அவசரத்தில் என் போனைப் போலத்தான். விளங்கப்படுத்த வாயெடுத்து, "நன்றி. அவர் மிகவும் மெதுவாக வேலை செய்தார்" என்று சொல்லிவிட்டேன். பெண்மணி தலையைக் குனிந்தார். பதினைந்தாவது கடதாசிக்கு ஒரு வாரம்தான் தருவார்கள். எனக்கு இரண்டு வாரம் தந்தார். "ஆறுதலாகக் கொண்டுவாருங்கள்" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினேன். இரண்டாம் மாடி வரைக்கும் சிரிப்புத்தான். இதை உடனே குழுவில் போட வேண்டும், நிரோ இதை வைத்து ஒரு மாதம் ஓட்டுவான் என்று கை போனுக்குப் போனது. போன பிறகுதான் நினைவு வந்தது. படிக்கட்டிலேயே இருந்துவிட்டேன்.

முன்பின் தெரியாத ஒரு மனுசி ஒரு ரவுட்டருக்குக் காட்டிய மரியாதையை நான் நிரோவுக்குக் காட்டவில்லை. அவன் செத்துப்போனான் என்ற செய்தி வந்தபோது நான் சிரித்தேன். எழுத்தில் சிரித்தேன். அவனுடைய அக்கா அதை வாசித்தா.

அவனுடைய முதல் வருட ஆட்டத்திவசத்துக்கு அன்றைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

2

நாங்கள் நான்கு பேர். சுன்னாகத்தில் உயர்தரக் கணிதத்துக்கு ஒரே ரியூசனில் படித்தவர்கள். மின்நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அந்தத் தகரக் கொட்டகையில் சரியாக வகையிடல் கணக்குத் தொடங்கும்போது கரண்ட் போகும். அதனால் குழுவுக்கு 'கரண்ட் போச்சு' என்று பெயர். கஜன் கனடாவுக்குப் போனான். சர்மி கொழும்பில் வங்கி வேலைக்குப் போனாள். நான் மேற்படிப்புக்கென்று இங்கே அண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நிரோ மட்டும் அங்கேயே நின்றான். சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்தான். உலகத்தில் யாருக்கு எந்தக் கருவி உடைந்தாலும் அதை முதலில் பகிடியாக்கும் உரிமை அவனுக்கு இருந்தது.

"ஒருத்தர் போனைக் கிணத்துக்கை போட்டிட்டு அரிசிக்கை வச்சு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கழட்டினா உள்ளுக்கை நாலு அரிசி. புழுங்கல். அவிச்சுக் குடுக்கட்டோ?"

"ஒரு சம்பலும் இடிச்சு விடு," இது கஜன்.

"நான் பாங்கிலை வேலை. எனக்கே ரகசிய இலக்கம் வருகுதில்லையடா. ஆக்களுக்கு எப்பிடி வரும்?" இது சர்மி.

"சர்மி, உன்ரை ரகசியம் ஒருத்தருக்கும் வேண்டாமாம். அதுதான் அனுப்பேல்லை," இது நிரோ.

இப்படித்தான் நாள் போகும். ஏழு நிமிடக் குரல் பதிவு அனுப்பும் மாமாமார், விடிய முன்னம் ரோசாப்பூவோடு காலை வணக்கம் சொல்லும் பெரியம்மா, சோதனை நேரம் பார்த்துத் தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கும் கணினி, இவ்வளவும்தான் எங்கள் உலகப் பிரச்சினைகள். பிரயோசனமான ஒரு வார்த்தையை நாங்கள் அங்கே எழுதியதில்லை. ஆனால் இங்கே நான் வந்த முதல் பனிக்காலத்தில், நான்கு மணிக்கே இருண்டுவிடும் நாட்களில், பஸ்தரிப்பில் கை விறைக்க விறைக்க வாசித்தது அதைத்தான். வீட்டிலிருந்து வரும் அழைப்பில் எல்லாரும் சுகம் என்பார்கள். யார் யார் எதற்கு எரிச்சல்படுகிறார்கள் என்பது குழுவில்தான் தெரியும். எனக்கு ஊர் என்பது அந்த எரிச்சல்தான்.

அட்டைகளைத் தொடக்கியவன் நிரோ. எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர் என்று போகும். சுவரில் ஒட்டினாலும் இணையத்தில் போட்டாலும் அதே அச்சு. நிரோ அதை எடுத்து, செத்துப்போன கருவிகளுக்குப் போட்டான். மின்னல் அடித்து அவனுடைய ரவுட்டர் கருகிய அன்று வந்த அட்டைதான் அலுவலகத்தில் மாட்டியது.

"சீனாவைப் பிறப்பிடமாகவும், சுன்னாகம் சந்தையடியை வதிவிடமாகவும் கொண்ட திரு. ரவுட்டர் அவர்கள் நேற்று மாலை மின்னலில் இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற மோடத்தின் அன்பு மகனும், சார்ஜரின் பாசமிகு கணவரும், இரண்டு அன்ரனாக்களின் ஆருயிர்த் தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், பக்கத்துக் கடையில் களவாக நெட் பாவித்தோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

அட்டை வந்தால் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரிப் பதில் எழுத வேண்டும். அது எங்கள் சட்டம். எட்டுச் செலவுக்கு என்ன சமையல் என்று நான் கேட்பேன். அந்த வசனம் என்னுடையது. எட்டாம் நாள் படையல் சாப்பாட்டுக்காகவே செத்த வீடு போகிறவள் என்று எனக்குப் பட்டம்.

ஒரு நாள் நிரோ எழுதினான்: "என்ரை அட்டையிலை பிறப்பிடத்துக்கு என்ன போடுவியள்?"

"மயிலிட்டி," என்றேன்.

"நான் எங்கை அங்கை பிறந்தனான்? முகாமிலையெல்லோ."

அவனுடைய பெற்றோர் மயிலிட்டிக் கடற்கரை ஆட்கள். போரில் இடம்பெயர்ந்து, மல்லாகம் பக்கத்து முகாம் ஒன்றில் இருந்தபோது இவன் பிறந்தான். சொந்தக் காணிக்கு அவர்கள் திரும்பிப் போனபோது இவனுக்கு மீசை முளைத்துவிட்டது. "முகாமைப் பிறப்பிடமாகக் கொண்ட எண்டு போட்டா வாசிக்கிறவன் சிரிப்பான். மயிலிட்டி எண்டு போட்டா நான் சிரிப்பன்" என்று எழுதியிருந்தான். அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

3

போன வருடம் ஒரு நாள் மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் வரிசையில் நின்றேன். போன் அதிர்ந்தது. குழுவில் நிரோ ஒரு அட்டை போட்டிருந்தான்.

குத்துவிளக்கு இரண்டும் இருந்தன. வளையத்துக்குள் நிரோவின் படம். நீலப் பின்னணியில், யாரோ ஸ்ரூடியோக்காரரின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு எடுத்த அந்தப் படம். அதை வைத்து நாங்கள் அவனை ஏற்கெனவே ஒரு வருடம் கொன்றிருந்தோம். கீழே, "மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கியது.

மயிலிட்டியைப் பிறப்பிடமாக. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. அவன் தனக்கே அட்டை போட்டுவிட்டான் என்று வரிசையிலேயே சத்தமாகச் சிரித்தேன். அழுது சிரிக்கும் மஞ்சள் முகத்தில் ஏழெட்டை வரிசையாகப் போட்டேன். பிறகு எழுதினேன்: "எட்டுச் செலவுக்கு வடையைக் கூடச் சுடச் சொல்லடா. நான் பிளேன் பிடிச்சு வாறன்."

கஜனுக்கு அது விடிகாலை. எழும்பினதும் போனைப் பார்த்திருக்கிறான். "அமரர் ஏன் இன்னும் ஒன்லைனிலை நிக்கிறார்?" என்று எழுதினான்.

நிரோ எழுதிக்கொண்டிருக்கிறான் என்று திரை காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது. ஏதோ பெரிதாகத் தயாரிக்கிறான் என்று நினைத்தபடி தட்டில் உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டேன்.

வந்தது இதுதான்.

"நான் ரஜனி. நிரோவின்ரை அக்கா. நேற்று மழைக்குள்ளை மோட்டார் சைக்கிள் வழுக்கித் தம்பி எங்களை விட்டுப் போயிட்டான். அவன்ரை சிநேகிதருக்குச் சொல்ல வேற நம்பர் தெரியாது. அதுதான் இதிலை போட்டனான்."

அந்த உருளைக்கிழங்குத் தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

4

பிறகு நாங்கள் செய்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்றும் எழுதவில்லை. ஒரு வார்த்தைகூட. என் சிரிப்புக்குக் கீழே, அந்த அக்காவின் நான்கு வரிக்குக் கீழே, எதை எழுதினாலும் பொய்யாக இருக்கும் என்று பட்டது. அழிக்கலாமா என்று பார்த்தேன். அழித்தால் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று நிற்கும். அது சிரிப்பைவிடக் கேவலமாகத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, கஜன் எங்கள் மூன்று பேருக்கும் புதிதாக ஒரு குழு தொடக்கினான். பழையதைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்றான். ஒவ்வொருவராகப் பழைய குழுவிலிருந்து வெளியேறினோம். நான் கடைசி.

புதுக் குழுவில் பகிடி வரவில்லை. மலிவு விற்பனை இணைப்புகளும் பிறந்தநாள் வாழ்த்தும் வந்தன. சர்மியின் போன் உடைந்தபோது "போன் உடைஞ்சு போச்சு" என்று மட்டும் எழுதினாள். யாரும் அட்டை போடவில்லை.

அண்ணையின் மகள் ஆரணிக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் சொல்லும் வயது. ஒரு நாள் என் தோளுக்கு மேலால் ரவுட்டர் அட்டையைப் பார்த்து, "இதிலை என்ன சிரிப்பு, மாமி?" என்றாள். அதிசயமாகத் தமிழில் கேட்டாளே என்று உற்சாகமாகத் தொடங்கினேன். பிறப்பிடம், வதிவிடம், அன்னார், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கால் மணித்தியாலம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஆனா ஆர் செத்தது?" என்று ஜேர்மனில் கேட்டாள்.

"ரவுட்டர்."

"இல்லை. நீங்கள் ஏன் அழுறீங்கள்?"

அண்ணி அவளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று.

5

அலுவலகத்தில் அனுதாபம் வாங்கிய அந்த வாரச் சனிக்கிழமை அழைத்தேன். ரஜனி அக்காவின் இலக்கம் என்னிடம் இல்லை. நிரோவின் இலக்கம்தான் இருந்தது. அதை அமத்தியதும் திரை முழுக்க அவனுடைய முகம் வந்து மணி அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ."

"அக்கா, நான் கீர்த்தனா. எங்கடை ஊர் அளவெட்டி. நிரோவோடை..."

"தெரியும். திரையிலை பேர் விழுகுது. 'அளவெட்டிச் சுருதிப்பெட்டி' எண்டு போட்டு வச்சிருக்கிறான். விடாமல் இரையிற ஆளாம் நீர்."

எனக்கு ஒன்றும் இரைய வரவில்லை. எழுதி வைத்த கடதாசியைப் பார்த்து, "அக்கா, அண்டைக்கு நான் சிரிச்சது..." என்று தொடங்கினேன்.

"அதை இப்ப ஏன்."

"இல்லை அக்கா, சொல்ல விடுங்கோ. அவன்தான் பகிடிக்குப் போட்டவன் எண்டு நினைச்சன். அவன் அப்பிடி அட்டை போடுறவன்."

"எனக்கு உந்தச் சிரிப்பிலை கோவம் வரேல்லை எண்டு சொன்னாப் பொய். வந்தது. ரண்டு நாள் நிண்டது. பேந்து முன்னுக்கு இருந்ததுகளை வாசிச்சன், எல்லாத்துக்கும் அட்டை போட்டிருக்கிறியள். ரவுட்டருக்கு, மிக்ஸிக்கு, ஆற்றையோ மூக்குக்கண்ணாடிக்கு. விளங்கீற்றுது. ஆனா நீங்கள் ஒவ்வொருத்தரா வெளிக்கிட்டியள் பாரும். போன் என்ரை கையிலை. கஜன் வெளியேறினார் எண்டு விழுந்துது. சர்மி வெளியேறினார். பேந்து நீர். செத்த வீட்டிலை சொல்லிக்கொள்ளாமல் போறதுதான் முறை, இல்லையெண்டேல்லை. ஆனா வந்து ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டெல்லோ போறது."

"ஓம் அக்கா."

"இப்ப அதுக்குள்ளை அவன் மட்டும்தான் நிக்கிறான். உங்கடை 'கரண்ட் போச்சு'க்குள்ளை."

இதை நான் ஒரு வருடமாக யோசித்ததே இல்லை. கணினி படிக்கிறவள் நான். எல்லாரும் வெளியேறினால் ஒரு குழுவில் யார் மிஞ்சுவார் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெரியும். பார்க்கவில்லை.

"அந்த போனை நிப்பாட்டேல்லையோ அக்கா?"

"எப்பிடி நிப்பாட்டுறது? அம்மாக்கு வாசிக்க வேணுமெல்லோ."

அதன் பிறகு அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. பின்னேரம் விளக்குக் கொளுத்திய பிறகு ரஜனி அக்கா நிரோவின் போனை எடுத்து, எங்கள் குழுவை முதலிலிருந்து வாசிப்பா. அம்மா கேட்டுக்கொண்டிருப்பா. ஒரு நாளைக்குக் கொஞ்சம். முடிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. இப்போது நடப்பது மூன்றாம் தரம்.

"கோயில்லை புராணம் படிக்கிற மாதிரித்தான். வாசிக்க நான் இருக்கிறன். அதுக்கு அர்த்தம் விளக்கிப் பயன் சொல்லத்தான் ஆளில்லை. ரவுட்டர் செத்ததுக்கு ஏன் பிள்ளை எட்டுச் செலவு எண்டு கேக்கிறா. புழுங்கலரிசியிலை என்ன சிரிப்பு எண்டு கேக்கிறா. எனக்கு உதுகள் விளங்காது. நான் சும்மா, பகிடி அம்மா எண்டுவன். அவ அவன்ரை பேர் வாற இடத்திலை மட்டும் சிரிப்பா. விளங்கிச் சிரிக்கிறேல்லை."

பின்னால் ஒரு குரல் கேட்டது. "ஆர் பிள்ளை போனிலை?"

"கீர்த்தனா அம்மா. ஜேர்மனி."

"ஆர், சுருதிப்பெட்டியோ?"

என்னைப் பார்த்தே இராத ஒரு மனுசி, என்னுடைய மூன்று வருட வம்பையும் மூன்று தரம் கேட்டிருக்கிறா. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ரஜனி அக்கா முற்றத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். காற்று இரைந்தது, கடல் பக்கம். குரலைத் தாழ்த்தினா. "ஒண்டு சொல்லுறன், கேளும். கடைசி நாளை நான் வாசிச்சுக் காட்டேல்லை. அதுக்கு முதல் நாளோடை நிப்பாட்டிப்போடுவன். அம்மா ஒவ்வொரு தரமும் கேக்கிறா, அவன் போனாப்பிறகு அந்தப் பிள்ளையள் என்ன சொன்னவை எண்டு. நெட் இல்லாமல் போச்சு, அதோடை நிண்டிட்டுது எண்டு சொல்லி வச்சிருக்கிறன். ஒரு வருசம் நெட் இல்லையோ எண்டு போன கிழமை கேட்டவ."

"அக்கா," என்றேன், "நான் பயன் சொல்லட்டோ?"

"என்னது?"

"நீங்கள் வாசியுங்கோ. நான் போனிலை நிக்கிறன். எது ஏன் பகிடி எண்டு அம்மாக்கு நான் சொல்லுறன்."

"வேலை இல்லாத ஆக்களோ நீங்கள்?" என்றா. பிறகு, "பாப்பம்" என்றா. எங்கள் பக்கத்தில் பாப்பம் என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பொருள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனை வைத்தேன்.

கால் மணித்தியாலத்தில் திரையில் ஒரு வரி விழுந்தது.

'நிரோ உங்களைச் சேர்த்துள்ளார்.'

6

கஜனுக்கும் சர்மிக்கும் சொன்னேன். சர்மி உடனே, "எனக்கு எப்ப எண்டு சொல்லு, பாங்கிலை லீவு போடுறன்" என்றாள். கஜன் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் வரேல்லையடி. அமரர் ஏன் ஒன்லைனிலை நிக்கிறார் எண்டு கேட்டது நான். உனக்கெண்டாலும் வடை. எனக்கு அந்தக் கதை."

"அதையும் அவவுக்குச் சொல்லத்தானே வேணும்."

"நீ சொல்லு. என்ரை பேரைச் சொல்லிச் சொல்லு. நான் முகம் குடுக்கமாட்டன்."

வற்புறுத்தவில்லை. அவனுக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. ரஜனி அக்கா அவனையும் சேர்த்திருக்கிறா. அவன் இன்னும் வெளியேறவில்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இங்கே பிற்பகல் இரண்டரை, அங்கே விளக்கு வைக்கும் நேரம். திவசத்துக்கு முதல் தொடங்கிவிட வேண்டுமென்று அக்காவே நேரம் சொன்னா. முதல் நாள் அரிசிக் கதை வரும். அது இலகு, அம்மாவும் சமைக்கிறவதானே. ரவுட்டர் கொஞ்சம் கடினம். ரவுட்டர் என்றால் என்னவென்பதிலிருந்து தொடங்க வேண்டும். பல வாரம் எடுக்கும். எடுக்கட்டும்.

கடைசி நாளுக்கு வந்து சேரும்போது அக்கா நிற்பாட்டப் பார்ப்பா. நிற்பாட்ட வேண்டாம் என்று கேட்கப்போகிறேன். என்னுடைய வரியையும் வாசிக்கட்டும், அந்த மஞ்சள் முகங்களையும் எண்ணிச் சொல்லட்டும். அதற்குப் பயன் சொல்ல ஒரு வசனம் எழுதி வைத்திருக்கிறேன்: அம்மா, அவன்ரை பேரிலை எது வந்தாலும் நாங்கள் சிரிக்கத்தான் போனைத் திறக்கிறனாங்கள், அண்டைக்கும் அப்பிடித்தான் திறந்தனான்.

இந்தக் கிழமை முழுக்க, ஆரணி பள்ளிக்கூடம் போன பிறகு, வெறும் வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். இதுவரை நான்கு தரம் முயன்றேன். 'அம்மா' என்பதைத் தாண்டவில்லை. இன்று பின்னேரம் ஐந்தாம் தரம் சொல்லிப் பார்க்க வேண்டும்.